தனியாக, குடும்பத்தோடு: ஷார்ஜாவில் ஒரு வாரம்

ஷார்ஜாவில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை பெருக்கியிருப்பேன். தண்ணீர் பாட்டில் ஒன்றரை திர்ஹாம். இருபத்து நாலால் பெருக்கினால் முப்பத்தாறு ரூபாய். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் மீட்டரில் நின்ற தொகையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, இறங்கி நடந்துவிடலாமா என்று கேட்டேன்.

"அப்பா, பெருக்காதீங்கப்பா. பெருக்கினா இந்த ஊர்ல தண்ணிகூடக் குடிக்க முடியாது" என்றாள் கவிதா.

ஓட்டுநர் பெஷாவர்க்காரர். தமிழ் தெரியாவிட்டாலும் நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார்: "சாச்சா, முதல் வருஷம் எல்லாரும் பெருக்குவாங்க. ரெண்டாம் வருஷம் பெருக்கறதை விட்டுருவாங்க. அப்புறம் லீவுல ஊருக்குப் போனா அங்க வகுக்க ஆரம்பிச்சிருவாங்க."

நான் இந்த ஊரில் இருபது வருஷம் இருந்தவன் என்று அவரிடம் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வந்தபோது மூன்றால் பெருக்கினால் போதும். அப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது எழுபத்திரண்டு வயதாகிறது. ஊர் திரும்பி, பொள்ளாச்சியில் மனைவி சரோஜாவோடு இருக்கிறேன்.

வந்த காரியம் என் ஒரே மகளுடையது. கவிதாவுக்கு துபாயில் ஒரு மென்பொருள் நிறுவனம் வேலை தர முன்வந்திருக்கிறது. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கோவையில் ஒரு வேலை, தனியார் கல்லூரியில் பாடம் நடத்தும் கணவர் பிரபு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கயல், வீட்டுக் கடன் என்று அவள் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது. தனியாகப் போய் மூன்று வருஷத்தில் கடனை அடைத்துவிட்டு வருவதா, மூன்று பேருமாகப் போவதா என்பதுதான் கேள்வி. விலைவாசியை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒரு வாரம் விடுப்புப் போட்டாள். "நீங்க இருந்த ஊருதானுங்கப்பா, கூட வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். பெட்டியைக்கூடத் திறக்காமல் கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'தனியாக', மற்றொன்று 'குடும்பத்தோடு'. வாடகை, சாப்பாடு, பஸ், பள்ளிக்கூடம், மிச்சம் என்று வரிசையாக இருந்தன.

"உங்க மாடல்தானுங்கப்பா" என்றாள். "நீங்க அம்மாவுக்கு எழுதுன லெட்டர். அம்மா இன்னும் பீரோவுல வெச்சிருக்காங்க. நான் காலேஜ் சேர்றப்ப எடுத்துக் காட்டினாங்க. 'உங்கப்பா எதையும் கண்ணை மூடிட்டுச் செய்யமாட்டார், பாரு'ன்னு."

அந்தக் கடிதம் பொய். இதை இந்த வயதில் முதன்முதலாக எழுதுகிறேன்.

வந்து ஆறாவது வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கம்பெனி குடும்பம் தங்க வீடு தரும். வேண்டாம் என்றால் அதற்கு ஈடாக மாதாமாதம் பணமாக வாங்கிக்கொள்ளலாம். நான் பணமாக வாங்கிக்கொண்டேன். ஐந்து பேரோடு பகிர்ந்துகொண்ட பழைய அறையிலேயே இருந்துவிட்டேன். சரோஜாவுக்கு மட்டும் இரண்டு பத்தி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். 'தனியாக' என்ற பத்தியில் என் உண்மையான செலவு. 'குடும்பத்தோடு' என்ற பத்தியில், கம்பெனி தருவதாகச் சொன்ன வீட்டை மறைத்துவிட்டு, துபாயில் வெள்ளைக்காரர்கள் இருக்கும் பகுதியின் வாடகையைப் போட்டேன். பள்ளிக்கட்டணமும் அப்படித்தான். மிச்சம் என்ற இடத்தில் ஏறக்குறைய சைபர் வந்தது. அது வரும்படி மற்ற எண்களைப் போட்டேன் என்பதுதான் சரி. மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'நீங்கள் சொல்வதுதான் சரி. நாங்கள் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கவிதாவுக்கு அப்போது மூன்று வயது.

வேறு பெண் யாரும் இல்லை. குடியும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை ஆறு பேரும் சேர்ந்து வெங்காயம் உரிப்போம். ஒருவன் கறி வாங்கிவருவான், ஒருவன் மசாலா அரைப்பான், ஒருவன் எதுவும் செய்யாமல் பாட்டு கேசட் மாற்றிக்கொண்டிருப்பான். சாயங்காலம் ரோலாவுக்கு நடந்து வந்தால், பொள்ளாச்சிச் சந்தையில் நிற்பதுபோல நாலு பக்கமும் தமிழும் மலையாளமும் கேட்கும். ஊருக்குப் போகிறவனிடம் சாமான் கொடுக்க, வந்தவனிடம் கடிதம் வாங்க என்று ஒரே கூட்டமாக இருக்கும். அங்கே நான் யாருக்கும் கணவன் இல்லை, தகப்பன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனால் இரண்டு மாதம் ராஜா. வாசலில் கால் வைக்கும்போது சரோஜாவின் முகம் எப்படி இருக்கும் என்பதை விமானத்திலேயே நினைத்துப் பார்த்துக்கொண்டு போவேன். எனக்காக ஏங்கிக்கொண்டு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சுகமாக இருந்தது.

மறுநாள் காலையில் விலை விசாரிக்கக் கிளம்பினோம். கவிதா ஒவ்வொரு கடையிலும் நின்று அரிசி, பருப்பு, பால், முட்டை என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தாள். ரோலா அதிகம் மாறவில்லை. பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் அதே வரிசை. அன்று கையில் கடித உறை இருந்தது, இன்று எல்லோர் கையிலும் போன். ஒரு சிற்றுண்டிக் கடையில் புரோட்டாவும் கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். சர்வர் ராமநாதபுரத்துக்காரர்.

"அய்யா, இங்க சம்பளம் என்னான்னு மட்டும் யாரையும் கேட்டுறாதிக" என்றார் டீயை வைத்துக்கொண்டே. "ஊர்ல போயி ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவோம். இங்க கேட்டா ரெண்டுக்கு ஒண்ணாச் சொல்லுவோம். நெசத்தச் சொன்னா ஊர்ல மதிப்பு இல்ல, இங்க கடன் கேப்பாய்ங்க."

"அப்ப உங்களுக்கு நிஜமாவே எவ்வளவுங்க?" என்றாள் கவிதா.

"பாத்தியளா, கேட்டுட்டிய!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மதியம் ஒரு வீடு பார்த்தோம். ஒரு படுக்கையறையும் கூடமும் கொண்ட பழைய கட்டடம். காவல்காரர் வங்காளதேசத்துக்காரர். சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனார். காலி செய்யப்போகிற மதுரைப் பெண்மணி கதவைத் திறந்தார். பெயர் செல்வி. பத்து வருஷமாக இருக்கிறாராம்.

"வருசத்துக்கு முப்பத்திரண்டாயிரம். நாலு செக்காக் கொடுக்கணும். கரண்டு தனி" என்றார். "அவருக்கு அபுதாபில வேலை மாறிருச்சு, அதான் போறோம். இல்லேன்னா இந்த வீட்ட விட்டுருப்பனா?"

"ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்களாங்க?"

"எங்க! அவரு மட்டுந்தான். மாசக் கடைசில கையக் கடிக்கும். ஊருக்குப் போறது ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. நகை நட்டு ஒண்ணும் சேக்கல." செல்வி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், அந்தச் சத்தத்தக் குறை!" உள்ளேயிருந்து அவர் மகள் ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னாள். "பாருங்க, திட்டினா இங்கிலீசுல திட்டு வாங்கணும். ஆனா ஒண்ணுங்க, தெனமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மூணு பேரும் ஒரே தட்டுல கை வச்சிருப்போம்."

கவிதா வாடகையைக் குறித்துக்கொண்டாள். ஏழு மணியைக் குறித்துக்கொள்ளவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் அன்று சேகரித்த விலைகளைப் பதிந்துவிட்டு, சரிபார்க்கச் சொல்லிக் கணினியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் எஸ்டிமேட் போட்டவன். ஒரு பட்டியலைப் பார்த்தால் எண்ணைவிட, அந்த எண் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். 'தனியாக' என்ற பத்தியில் வாடகை ஷார்ஜாவில் மூன்று பெண்களோடு பகிரும் அறைக்கானது. 'குடும்பத்தோடு' என்ற பத்தியில் துபாயில், அலுவலகத்துக்குப் பக்கத்தில், இரண்டு படுக்கையறை வீட்டுக்கானது. மதியம் கேட்ட முப்பத்திரண்டாயிரம் எங்கேயும் இல்லை. பள்ளிக்கட்டணத்தில், செல்வி தன் மகள் படிப்பதாகச் சொன்ன பள்ளிக்கூடம் இல்லை; அதைப்போல நான்கு மடங்கு வாங்கும் ஒன்று இருந்தது. பிரபுவுக்கு வருமானம் என்ற இடத்தில் மூன்று வருஷத்துக்கும் சைபர்.

இரண்டு பத்திக்கும் இரண்டு அளவுகோல். நான் செய்தது அதேதான். வரிசைகூட மாறவில்லை.

அவள் தலை துவட்டிக்கொண்டே வந்து, "எல்லாம் சரியாங்கப்பா?" என்றாள்.

"கூட்டல் சரி" என்றேன்.

மூன்றாவது நாள் சண்முகத்தைப் பார்க்கப் போனோம். மன்னார்குடிக்காரர், அந்த ஆறு பேரில் ஒருவர். அன்று கம்பி கட்டும் வேலை செய்தவர். இன்று ரோலாவிலேயே விசா விண்ணப்பங்கள் தட்டச்சு செய்யும் ஒரு சின்னக் கடையை மற்றொருவரோடு சேர்ந்து நடத்துகிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணே! ஆளு பாதியாயிட்டிங்களே! அந்தத் தொப்பைய எங்கண்ணே விட்டிங்க?" என்றார். கவிதாவைப் பார்த்து, "பாப்பா, உன்ன நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன். ரெட்டை சடை, முன்னாடி ரெண்டு பல்லு கிடையாது. உங்கப்பா கட்டிலுக்கு மேல ஒட்டி வச்சிருப்பாரு" என்றார்.

பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத சுலைமானி டீ வந்தது. சண்முகம் பேசப் பேச எனக்கு அந்த அறையின் வாசனையே வந்துவிட்டது. யார் குறட்டை விட்டார்கள், யார் கட்டிலில் மூட்டைப்பூச்சி, யார் அரபிக்காரனிடம் சண்டை போட்டு 'கல்லாஸ்', எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு மறுநாளே வேலைக்குப் போய் நின்றான் என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக் கவிதா வயிறு வலிக்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"உங்கப்பாதான் எங்களுக்கெல்லாம் வாத்தியாரு" என்றார் சண்முகம். "பொண்டாட்டி 'நானும் வர்றேன்'னு எழுதினா என்ன பதில் போடுறதுன்னு எவனுக்கும் தெரியாது. அண்ணன் ஒரு கணக்குப் போட்டு எழுதினாருல்ல, ரெண்டு பத்தி, அதை அப்படியே பாத்து எழுதி நாலு பேரு அனுப்பினோம். எங்க கணக்கு நெசம். எங்களுக்கெல்லாம் அன்னிக்கு குடும்பத்தக் கூட்டியாறதுக்கு வழியே..." அங்கேயே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கவிதாவுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். சண்முகம் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"அண்ணே, உங்களுக்குக் கம்பெனி வீடு இருந்துச்சே. அது பாப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அண்ணிக்கு?"

காலி டீ கிளாஸை எடுத்து மேசையில் தள்ளி வைத்தேன்.

"நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதிங்க. எனக்குச் சம்பளம் பத்தாது, அதனால என் பொண்டாட்டி வரல. அதுக்கே இன்னிக்கு வரைக்கும் நான் ஊருக்குப் போனா விருந்தாளிதான். என் பையன் 'வாங்க, உக்காருங்க'ங்கிறான். சொந்த வீட்டுல என்னைய உக்காரச் சொல்றாண்ணே."

கவிதா திரும்பி வந்தாள். சண்முகம் உடனே, "என்ன பாப்பா, இன்னொரு டீ?" என்றார்.

நாலாவது நாள் துபாய் அலுவலகத்துக்குப் போனோம். நான் கீழே வரவேற்பறையில் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். மேலே அவளைச் சந்தித்தவர்கள் நன்றாகப் பேசினார்களாம். "இன்னைக்கே சொன்னாக்கூட எடுத்துக்கறாங்கப்பா" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் முன்பக்கம் பெண்களுக்கும் குடும்பத்துக்குமான இருக்கைகள். அதில் உட்கார்ந்தோம். பஸ் ஷார்ஜா எல்லையை நெருங்கியதும் நெரிசலில் நின்றது. எங்கள் காலத்தில் இருபது நிமிஷத்தில் கடந்த தூரம். நாற்பது நிமிஷத்தில் அரைக் கிலோமீட்டர்தான் நகர்ந்தோம். பிறகு வண்டியே ஒருமுறை குலுங்கி அணைந்துவிட்டது. குளிர்சாதனமும் நின்றது. ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பின்னால் எதையோ தட்டினார். பின் இருக்கையில் ஒருவர், "யல்லா பாய், தட்டினா ஓடறதுக்கு இது என்ன ரேடியோவா?" என்று இந்தியில் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"வேற வண்டி வர அரை மணி நேரம் ஆகுமாம்" என்றாள் கவிதா. "இதையும் சேர்த்துக்கணும். தினமும் ரெண்டு மணி நேரம் ரோட்டுல. குடும்பத்தோட வந்தா துபாய்லயேதான் வீடு எடுக்கணும். அப்ப மிச்சம் ஒண்ணும் இருக்காது. தனியாத்தான் வரணும்னு தோணுதுங்கப்பா. கயலை அம்மா பாத்துக்குவாங்க. என்னையே தனியா வளத்தவங்கதானே."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கவிதா, அந்த லெட்டர் பொய்" என்றேன்.

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். நான் நிறுத்தாமல் சொன்னேன். பதவி உயர்வு, கம்பெனி வீடு, அதற்கு ஈடாக வாங்கிய பணம், துபாய் வாடகை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்டிமேட்டை வாடிக்கையாளருக்கு வாசித்துக்காட்டும் அதே குரலில் சொன்னேன். வேறு குரல் எனக்கு வரவில்லை. ஏன் செய்தேன் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் என் மகள், எண்ணைத்தான் கேட்டாள்.

"மாசம் எவ்வளவுங்கப்பா, அந்தப் பணம்?"

சொன்னேன்.

"எத்தனை வருஷம்?"

"பதினாலு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் ஆறாவது படிக்கறப்ப சைக்கிள்ல விழுந்து கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தேன். இருபது நாள். 'டிக்கெட்டுக்கு நிறைய ஆகும், லீவும் இல்லை'ன்னு எழுதுனீங்க. அதுவும் இதே கணக்குத்தானுங்களா?"

"ஆமா."

"அம்மா அன்னைக்கு ஆஸ்பத்திரி படியில உக்காந்து அந்த லெட்டரைப் படிச்சாங்க. 'பாவம், அவர் அங்க என்ன கஷ்டப்படறாரோ'ன்னு அழுதாங்க." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்காக அழுதாங்கப்பா."

"உன் ஷீட்டுலயும் அதைத்தான் பார்த்தேன்" என்றேன். "ஒரு பத்திக்கு ஷார்ஜா ரேட்டு, இன்னொண்ணுக்கு துபாய் ரேட்டு. செல்வி சொன்ன வாடகையை நீ போடலை. அதனாலதான் சொல்றேன். இல்லேன்னா சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் நிஜம்."

"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அம்மாகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், முன்னால் ஒரு பிலிப்பினோப் பெண்ணுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாற்று வண்டியிலும் அப்படியே உட்கார்ந்தாள். அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு அவளுடைய பின்னந்தலைதான் தெரிந்தது. நெற்றிக்கு மேல் நரைத்திருப்பது தெரியும். பின்னாலும் நரைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலையே சரோஜாவை அழைத்தேன். மாவு ஆட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னேன். கிரைண்டர் சத்தம் நின்றது. மகளிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது. முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "மாவு புளிச்சிரும், நான் வெக்கிறேன்" என்றாள். அப்புறம் நான் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

ஐந்தாவது நாள் நாங்கள் எங்கும் போகவில்லை. நான் கடலோரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்பு இங்கே மரப்படகுகள் நிற்கும். ஈரானிலிருந்து வந்த கம்பளமும் சட்டிகளும் கரையிலேயே விற்கும். நாங்கள் ஆறு பேரும் வாங்க மாட்டோம், விலை மட்டும் கேட்போம். எல்லாவற்றுக்கும் விலை கேட்டுக்கொண்டே திரிந்தோம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அப்படி நினைக்கும்போதே, அந்த நாட்களுக்கான செலவை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் சேர்ந்தே வந்தது. இனி எனக்கு அந்த இரண்டையும் தனித்தனியாக நினைக்க முடியாது.

மதியம் கவிதா இரண்டு பொட்டலம் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்து அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். ஒன்றை என்னிடம் தள்ளினாள். பாதி சாப்பிட்ட பிறகு பேசினாள்.

"செல்வியக்கா வாடகையைப் போட்டுப் பாத்தேனுங்கப்பா. கயலுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே போட்டேன். பிரபு ரெண்டு டியூஷன் எடுத்தாக்கூடப் போதும். கடன் மூணு வருஷத்துல அடையாது, ஏழு வருஷம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ம்."

"எனக்கு அது தெரியாமப் போட்டேன்னு சொல்லமாட்டேன்." பருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலைல எந்திரிச்சா யாருக்கும் டிபன் கட்டவேண்டாம். சாயங்காலம் வந்தா ஹோம்வொர்க் இல்லை. மூணு வருஷம் நான் மட்டும். நெனச்சா நல்லா இருந்துச்சுங்கப்பா."

எனக்கு அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியும். அதைச் சொல்லவில்லை.

"பிரபுகிட்டச் சொல்லிட்டேன், மூணு பேரும்னா வர்றேன், இல்லேன்னா வேண்டாம்னு. 'காலேஜ்ல எல்லாரும் கேப்பாங்க, பொண்டாட்டி விசாவுல போறியான்னு. போறேன்னு சொல்லிர்றேன்'ங்கறாரு." லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உங்க மேல கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை சரோஜாவே அழைத்தாள்.

"அந்த வீடு எங்க இருக்குது?" என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான்.

"காசிமியா பக்கம். நாலாவது மாடி."

"எப்படி இருக்கும்?"

"தெரியாது சரோஜா. நான் போய்ப் பாக்கலை."

"ஒரு தடவைகூட?"

"வீடு வேண்டாம்னு ஆபீஸ்லயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பதினாலு வருஷம் அதே ஊர்ல இருந்திருக்கீங்க" என்றாள். "ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்துபோய் அண்ணாந்துகூடப் பாக்கலையாக்கும்? கட்டடம் இருக்குதா இன்னும்?"

"விசாரிக்கிறேன்."

"விசாரிங்க. இருந்தா உள்ள போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. கவிதாவையும் கூட்டிட்டுப் போங்க."

கட்டடம் இருந்தது. கடைசி நாள் காலையில் சண்முகம்தான் வழிகாட்டினார்; மேலே வர மறுத்துக் கீழேயே நின்றுகொண்டார். லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தவர் ஒரு மலையாளப் பெண். கையில் மீன் கழுவிய ஈரம். பாலக்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் எனக்கு மலையாளம் வரும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் இந்த வீட்டை எனக்குக் கொடுத்தார்கள், நான் வரவில்லை, என் மனைவி பார்த்துவரச் சொன்னாள் என்றேன். அவர் என்னையும் கவிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை முழுவதும் திறந்து, "செருப்போடயே வாங்க, தரையெல்லாம் ஈரம்" என்றார்.

சரோஜாவை அழைத்தேன். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நுழைந்ததும் ஒரு கூடம், நம் வீட்டுக் கூடத்தில் பாதி. இடதுபக்கம் சமையலறை, நீளமாக, ஒருவர்தான் நிற்கலாம். குளியலறையில் தொட்டி இருக்கிறது. இரண்டு படுக்கையறை. பெரியதில் சுவரோடு அலமாரி. சின்னதில் ஒரு ஜன்னல், திறந்தால் பக்கத்துப் பள்ளிவாசலின் சுவர் தெரியும். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். அளவு கேட்டாள். காலால் அளந்து சொன்னேன்.

"கவிதாவை எங்க படுக்க வெச்சிருப்போம்?" என்றாள்.

கவிதா சின்ன அறைக்குள் போய், அந்த வீட்டுக் குழந்தையின் கட்டிலைத் தாண்டி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஜன்னல் ஓரமா" என்றேன்.

"காலைல மூஞ்சியில வெயில் அடிக்குமேங்க" என்றாள் சரோஜா.

"எதிர்ச் சுவத்துப் பக்கமாப் போட்டுக்கலாம்."

"இடம் பத்துமா?"

அளந்து பார்த்தேன். "பத்தும்" என்றேன்.